பதினான்கு வார்த்தைச் சார்ட்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அடுத்தவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல். செங்கத்தில் பிறந்த வீட்டில் இருந்தவரை, "இவ வாயத் தொறந்தா வாசல்ல படுத்துகினு இருக்கிற நாய்கூட எய்ந்து தெருமுனைக்குப் போய்டும்" என்று என் அண்ணன் சொல்லிச் சிரிப்பார். அந்த வாயோடுதான் மலையேறி வந்து, புதூர்நாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஒன்பது வருடமாக அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன். பிள்ளைகளிடம் எனக்குக் கோபம் வராது. மூன்று வயதும் நாலு வயதுமாக மூக்கொழுக உட்கார்ந்திருக்கிற அதுகளிடம் எதற்குக் கோபம்? அங்கே செலவாகாத கோபமெல்லாம் சேர்ந்து பெரியவர்கள் தலையில்தான் விடியும்.

அப்படி விடிந்த ஒரு தலை, என்னிடம் வருகிற ஒரு பாப்பாவின் அம்மாவுடையது. என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். கூப்பிடுவதுதான் அக்கா, போடுவது அதிகாரம். அவள் என்னை ‘டீச்சர்’ என்பாள், ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள். சின்ன வயதில் இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். எழுத்து தெரியும். எழுத்தைக் கூட்டி வார்த்தையாக்கச் சொன்னால் மட்டும் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்பாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலை ஒன்று காலியானது. உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆபீசிலிருந்து ஆள் வந்து படிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள் என்றார்கள். சேதி வந்த அன்று மத்தியானமே அக்கா அங்கன்வாடி வாசலில் வந்து நின்றாள்.

"எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுங்க டீச்சர்."

"இப்ப இன்னாக்கா திடீர்னு?"

அவள் சொன்னது எனக்குத் தெரியாத கதை இல்லை. ஒவ்வொரு வருடமும் சாமை அறுப்பு முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் ஜீப் ஏறிக் கர்நாடகாவில் காப்பி எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். வருவதற்கு நாலு மாதம் ஆகும். பாப்பா ராத்திரிக்கு மாமியாரிடம் படுக்கும், பகலெல்லாம் என்னிடம் இருக்கும். போன வருடம் திரும்பி வந்த அன்று நேராக அங்கன்வாடிக்குத்தான் ஓடி வந்தாள். பாப்பாவைத் தூக்கக் கையை நீட்டினாள். அது என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது.

"பெத்தவ நானு. அது உங்க முந்தானையப் புடிச்சிகினு என்னை யாருன்னு பாக்குது. இந்த வேல மட்டும் கெடச்சிதுன்னா நான் எஸ்டேட்டுக்குப் போவ மாட்டேன் டீச்சர். எம் புள்ளகூடவே இருந்துருவேன்."

அதற்கு மேல் நான் என்ன பேச? நாளைக்கே வா என்றேன்.

தினமும் மூன்றரைக்குப் பிள்ளைகள் போனபின் ஒரு மணி நேரம் பாடம். முதல் இரண்டு வாரம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கல்லில் நார் உரித்தேன். படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அணில் படம் போட்டு அணில் என்று எழுதியிருந்தால் "அணிலு" என்பாள். படத்தைக் கையால் மூடினால் "தெரிலீங்க". இது ஆகாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பெரிய வெள்ளைச் சார்ட்டில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நானே எழுதினேன். படமே கிடையாது. எல்லாம் ‘ய்’ என்று முடிகிற குட்டிக் குட்டி வார்த்தைகள்.

தாய், நாய், பாய், வாய், காய்.

நெய், மெய், செய், பெய்.

பொய், கொய்.

பேய், நோய், போய்.

மொத்தம் பதினான்கு. வால் ஒன்றுதான், தலைதான் மாறும், ஒன்றைப் பிடித்தால் மற்றது தானாக வரும் என்பது என் கணக்கு. முதலில் பதிமூன்றுதான் எழுதியிருந்தேன். சுவரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்க்கும்போதுதான் ‘நோய்’ விட்டுப்போனது தெரிந்தது. விட்டால் என்ன? குடி முழுகிவிடுமா? எனக்கு விட மனசில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பேய்க்கும் போய்க்கும் நடுவில் இருந்த இடத்தில் அதை நெருக்கி எழுதினேன்.

என் கணக்கு தப்பிவிட்டது. வால் ஒன்றாக இருந்தது அவளுக்கு உதவி இல்லை, உபத்திரவம். ஒரே பட்டியில் பிறந்த ஆட்டுக்குட்டிகள் மாதிரி எல்லாம் ஒரே முகமாகத் தெரிந்தது. தாயைக் காட்டினால் நாய் என்பாள். நாயைக் காட்டினால் காய் என்பாள்.

"யக்கா, பெத்த தாயப் போய் நாய்ங்கிறியே, வெளங்குமா?"

"ரெண்டும் ஒரே மாரி கீது டீச்சர். யாரு இப்பிடி எய்தி வெச்சது?"

கேள்வி நியாயமானதுதான். யார் எழுதி வைத்தது? முன்னால் ஒரே ஒரு எழுத்து மாறினால் பெற்றவள் போய்த் தெருவில் குரைக்கிறது வந்து நிற்கிறது. இன்னொன்று மாறினால் படுக்கிற பாய். இன்னொன்று மாறினால் குழம்புக்குப் போடுகிற காய். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இத்தனைக்கும் ஒரே வாலை மாட்டிவிட்ட மகராசன் கையில் கிடைத்தால் நானும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆயுசு முழுக்கத் தமிழ் பேசுகிறேன், அந்த மொழிமேல் அவ்வளவு எரிச்சல் எனக்கு அதுவரை வந்ததில்லை.

அதைவிடக் கொடுமை, ஒரு வார்த்தையைப் படித்துவிட்டால் அதோடு நிற்க மாட்டாள். ‘பாய்’ என்று ஒரு நாள் சரியாகப் படித்தாள். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், "புளி எடுக்க வர்ற பாயா டீச்சர்? இந்த வருசம் இன்னும் காணமே அவர?" என்றாள்.

"இல்லக்கா, படுக்கிற பாய்."

"அப்போ அந்தப் பாய எப்பிடி எய்தறது?"

"அவரையும் இப்பிடித்தான்."

"அப்போ அவரையும் சுருட்டி மூலைல வெச்சிரலாம்."

அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது, வயிறு எரியும். தண்ணீர் பாய்வதற்கும், புலி பாய்வதற்கும்கூடப் புத்தகத்தில் அதே ‘பாய்’தான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றைய பாடம் அதோடு சரி.

‘பெய்’ என்றால், "மய பேயுதுன்னுதான நாம சொல்வோம், பெய்யின்னு ஆரு சொல்றா?" ‘கொய்’ என்றால், "கொய்யாவா? மீதி எய்த்து எங்க டீச்சர்?" கொய் என்றால் பறி என்றேன். "அப்போ பறின்னே எய்தி இருக்கலாமே." இந்த மலையில் சாமையை அறுக்கிறோம், புளியை உலுக்குகிறோம், பலாவை இறக்குகிறோம். யாரும் எதையும் கொய்வதில்லை. வரிசைக்காக நான் இழுத்துக்கொண்டு வந்த வார்த்தை அது. ‘மெய்’ மட்டும் முதல் நாளே படிந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் "மெய்யாலுமா?" என்று கேட்கிற வாய்க்கு அது பழகின வார்த்தை. ‘நோய்’ வந்த அன்று, "நோவுன்னு சொல்லுற வாய்க்கு இது வர மாட்டேங்குது டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாள். சுருதி சுத்தமாகச் சொன்னாள். அவளுக்கு அந்த வார்த்தை தெரியும் என்பதற்கு நான்தான் சாட்சி.

ஆறாவது வாரத்தில் ஒரு நாள் மறுபடி தாய்க்கு நாய் என்றாள். ஸ்கேலைத் தூக்கி மூலையில் எறிந்தேன். "காவலூர்ல டெலஸ்கோப்புல கண்ண வெச்சிகினு வானத்துல இருக்கிற நட்சத்திரத்தையே படிக்கிறானுங்க, உனுக்குச் சுவத்துல இருக்கிற நாலு எய்த்து ஏறல. உன் தலையில எஸ்டேட்டுன்னுதான் எய்திக் கீது, போ!" என்று கத்திவிட்டேன். எழுந்து போனாள். மறுநாள் வரவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் போய்க் கூப்பிட என் வீம்பு விடவில்லை. அதற்கடுத்த நாள் மூன்றரைக்கு, மடி நிறைய அவரைக்காயோடு வந்து நின்றாள்.

"காய் கொண்டாந்துகிறேன் டீச்சர். கோவம் தீந்துதா?"

சார்ட்டில் இருந்த காயைத் தொட்டுக் காட்டிவிட்டு மடியை அவிழ்த்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடி கிடைத்தது. தாய் தாயாகவும் நாய் நாயாகவும் பிரிந்து நின்றன. அடுத்த இரண்டு வாரத்தில் நான் எங்கே குச்சியை வைத்தாலும் சொன்னாள். ஆபீஸ்காரர்கள் பேப்பர்தான் கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தேன். கடைசி வாரங்களில் பழைய நியூஸ்பேப்பரில் தலைப்புகளைக்கூட எழுத்துக் கூட்டி, மெதுவாக, கன்னத்தில் வியர்வை ஓடப் படித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "படிக்கச் சொன்னா வாய்க்குள்ள முணுமுணுக்காத. கணீர்னு சொல்லு. வாயுள்ள புள்ளதான் பொயைக்கும்" என்று அதையும் அதட்டித்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை வருகிறார்கள் என்று சொன்னார்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் பாப்பா அங்கன்வாடிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதினேன். ஏன் வரவில்லை என்று கேட்பதுதான் என் வேலை. நான் கேட்கவில்லை. அக்காவும் அந்த இரண்டு நாள் பாடத்துக்கு வரவில்லை. அறுப்பு நேரம், வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்ததெல்லாம் வியாழக்கிழமை நினைப்புதான்.

வியாழக்கிழமை வந்தாள். வந்த கோலத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று ஏறியது. தலையில் எண்ணெய் இல்லை. சீப்பே படாத தலை. காலில் செருப்பு இல்லை.

"நல்ல நாளும் அதுவுமா ஒரு எண்ண வெச்சி சீவிகினு வரக் கூடாதாக்கா? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

என் தலையிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி நீட்டினேன். "வேணாங்க" என்று ஒரு அடி பின்னால் போனாள். நல்லதுக்குச் சொன்னாலும் ஏறாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் பிறந்த ஊரிலும் இதே வழக்கம்தான், எனக்குத் தெரியாததில்லை. எண்ணெய் இல்லாத தலை, செருப்பில்லாத கால், பூ வேண்டாம் என்கிற கை, இரண்டு நாளாக வராத பிள்ளை. இத்தனையும் கண் முன்னால் நிற்கிறது. கண் இருந்து என்ன பிரயோஜனம்?

ஆபீசிலிருந்து ஒரு மேடமும் ஒரு சாரும் வந்திருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் அங்கன்வாடியில்தான் உட்கார்ந்தார்கள். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி முதலில் படித்துவிட்டுப் போனாள். அடுத்து அக்கா. மேடம் பையிலிருந்து ஒரு நியூஸ்பேப்பரை எடுத்தவர், அவள் நின்ற கோலத்தைப் பார்த்து இரக்கப்பட்டு உள்ளே வைத்துவிட்டார்.

"பேப்பர்லாம் வேணாம்மா. அதோ சுவத்துல பெருசா எழுதியிருக்கே, அதையே படிங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். அக்கா சார்ட்டைப் பார்த்தாள். நான் சொன்ன மாதிரியே கணீரென்று ஆரம்பித்தாள். தாய், நாய், பாய், வாய், காய். நெய், மெய், செய், பெய். ஒவ்வொன்றுக்கும் நான் உள்ளுக்குள் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பொய், கொய், பேய். நின்றாள். ஒரு மூச்சு விட்டாள். பிறகு, "போய்" என்றாள்.

"நடுவுல ஒண்ணு வுட்டுட்டீங்களே" என்றார் மேடம்.

"அது ஒண்ணு வேணாங்க. பாக்கி எல்லாம் படிச்சிட்டேன்."

சார் சிரித்தார். "வேணும் வேணாம்னு சொல்ல இது இன்னா காய்கறிக் கடையா? படிங்கம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். தெரியாமல் முழிக்கிறாள் என்று நினைத்தேன். எடுத்துக் கொடுக்கலாம் என்று, "யக்கா, தெரிஞ்சதுதானே. நோ..." என்று ஆரம்பித்தேன். பாய்ந்து வந்து என் முன்னால் இரண்டு கையையும் கூப்பினாள்.

"வேணாம் டீச்சர். வாயால சொல்லாதீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விளையாடுகிறாளா? பத்து வாரம் என் தொண்டைத் தண்ணீரை வற்றவைத்துவிட்டு, ஆபீஸ் ஆட்கள் முன்னால் கூத்து கட்டுகிறாளா? சார் பேனாவை மூடினார். "மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்திருக்காங்க மேடம். மறந்த எடத்துல மாட்டிக்கிட்டாங்க" என்றார். மேடத்துக்கு மனசு வரவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? நீங்களே சொல்லுங்க டீச்சர். இவங்களுக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா?"

பைக்குள் நியூஸ்பேப்பர் இருந்தது. அதைக் கொடுங்க மேடம், படிப்பாங்க என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

"தெரியாது மேடம். நானும் தலையால தண்ணி குடிச்சிப் பாத்துட்டேன். ஏறல."

‘படிக்கத் தெரியவில்லை’ என்று எழுதி, சாட்சிக்கு என்னிடம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் வாசலைத் தாண்டி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பாக்கித் திட்டையும் திட்டித் தீர்க்கலாம் என்று அவள் வீட்டுக்கே கிளம்பினேன். சாமை அறுத்த கொல்லை வழியாகப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். நடை முழுக்க என்னென்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

"அங்கியே நில்லுங்க டீச்சர்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வூட்ல அம்மா வந்துகிறா."

வாசலில் வேப்பிலை இல்லை. ஊர்க் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று உள்கதவில் செருகியிருந்தாள். கதவிடுக்கில் பார்த்தேன். தரையில் வேப்பிலை பரப்பி, மேலே பழைய வேட்டியை விரித்து, பாப்பா படுத்திருந்தது. முகம், கழுத்து, கை எல்லாம் முத்து முத்தாக அம்மை. அவள் வேப்பங்கொத்தால் மெல்ல வருடிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கதவிடுக்கிலேயே கேட்டேன்.

"ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க வுட்டிருப்பீங்களா? நர்சம்மாவுக்குப் போன் போட்டிருப்பீங்க. ஊரும் வுட்டிருக்காது. அம்மா இருக்கிற வூட்டு ஆளு படி தாண்டக் கூடாதில்ல. நாள் தள்ளிப் போட்டா ஆபீஸ்காரங்க மறுபடி வருவாங்களா? மஞ்சத் துணில காசு முடிஞ்சி வெச்சிட்டு, தாயே, ஒரு மணி நேரம் எம் புள்ளய நீ பாத்துக்கோ, என் வாயால உன்ன ஒரு கெட்ட பேர் சொல்லிக் கூப்புட மாட்டேன்னு சொல்லிட்டு ஓடியாந்தேன். பேப்பருதான் குடுப்பாங்கன்னு நீங்க சொன்னீங்க. அதுல அந்த வார்த்த எங்கனா வரும்னு நெனைக்கல. சொவத்துல இருக்கிறதையே படிக்கச் சொன்னா நான் இன்னா பண்ண?"

"அது வெறும் எய்த்துக்கா. மசி. படிச்சா ஒண்ணும் ஆயிடாது."

"ஆவாது டீச்சர். எனக்கும் தெரியும். ஆனா ஆயிட்டா?"

அம்மையைத் தாயென்று கும்பிடுகிற வீட்டில், உள்ளே தாய் உட்கார்ந்திருக்க, நான் பிடிவாதமாக ஏறி நெருக்கி எழுதின வார்த்தையால் அந்தத் தாயைக் கூப்பிடச் சொல்லி அக்காவை விரட்டியிருக்கிறேன். அவளுக்கு ஒரு பக்கம் பிள்ளையோடு இருக்க ஒரு வேலை, இன்னொரு பக்கம் அந்தப் பிள்ளையின் உயிர் போய்விடுமோ என்ற பயம். எந்த அம்மாவாக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடத்தான் செய்வாள்.

வேப்பங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு அவளே சொன்னாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் ஒரு வார்த்த சொல்லல, அது என் தப்பு. நீங்க தெரியாதுன்னு சொல்லிட்டீங்களே டீச்சர். அத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

நான் வாய்விட்டு அழுதேன். மன்னிச்சிருக்கா என்றேன். அவள், "போங்க டீச்சர், பொயுது சாயுது" என்றாள். நான் திரும்பி நடந்தேன். பத்தடி போனபிறகு பின்னாலிருந்து கேட்டாள்.

"போய்ட்டு வர்றேன்னு சொல்லாமப் போறீங்களே."

அம்மை கண்ட வீட்டில் போய்ட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அம்மா கூடவே கிளம்பி வந்துவிடுவாள் என்பார்கள். வெறும் எழுத்து என்று கால் மணி நேரம் முன்னால் அவளுக்கு உபதேசம் செய்த வாய், என்னை அறியாமல் அந்த வார்த்தையை முழுங்கியிருந்தது. என்னிடம் இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் எப்படிச் சொல்வேன்?

நர்சுக்குப் போன் போட்டேன், அது என் கடமை. நர்ஸ் வந்து பார்த்தார். மருந்தும் கொடுத்தார், வேப்பிலையை எடுக்கச் சொல்லவும் இல்லை. மூன்று தண்ணி ஊற்றி அம்மா இறங்கினாள். பாப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. அதுவரைக்கும் நல்லது.

வேலை விஷயத்தில் மட்டும் நான் தும்பை விட்டு வாலைப் பிடிக்க ஓடினேன். பஸ் ஏறிக் கீழே ஆபீசுக்கு மூன்று முறை போனேன். முதல் முறை சார் லீவு. இரண்டாம் முறை மத்தியானம்வரை பெஞ்சில் உட்கார வைத்து, நாளைக்கு வாங்க என்றார்கள். மூன்றாம் முறை அந்த மேடத்தைப் பார்த்து நடந்ததெல்லாம் சொன்னேன், அவங்களுக்குப் படிக்கத் தெரியும் மேடம், இன்னொரு தரம் வரச் சொல்லிப் பாருங்க என்று கெஞ்சினேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பைலைத் திறந்து ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமா மேடம்."

"நீங்களே தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு, இப்ப நீங்களே தெரியுங்கிறீங்க. நான் எதை நம்பறது? ஆர்டரும் போட்டாச்சு."

பக்கத்து ஊர்ப் பெண் வேலையில் சேர்ந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, சாம்பாரும் நன்றாகத்தான் வைக்கிறாள். திரும்பி வந்து சார்ட்டைச் சுவரிலிருந்து கிழித்து எறியப் போனேன். அன்றைக்கும் அக்காதான் தடுத்தாள். "அது இன்னா பண்ணுச்சி, வுடுங்க. பாப்பா பெருசானா படிக்கும்." ஆணியில் ஒரு பக்கம் கிழிந்தபடி அது இன்னும் தொங்குகிறது.

மார்கழிப் பனியில் ஒரு காலை ஜீப் வந்து நின்றது. எஸ்டேட்டுக்குப் போகிற ஆட்கள் மூட்டையும் சட்டியுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இடமில்லாமல் பின்னால் நாலு பேர் தொங்கினார்கள். பாப்பா என் இடுப்பில் இருந்தது, கன்னத்தில் அம்மைத் தழும்பு இன்னும் மறையவில்லை. அக்கா அதை முத்தமிட்டாள், விட்டாள், மறுபடி வந்து முத்தமிட்டாள். புருஷன் அதட்டியதும் ஏறப் போனவள், ஜீப் கதவில் எழுதியிருந்ததைப் பார்த்து நின்றாள். விரலை வைத்தாள். எழுத்துக் கூட்டவில்லை, வாய்க்குள் முணுமுணுக்கவும் இல்லை.

"பத்து பேருக்கு மேல் ஏற்றக் கூடாது."

கணீரென்று படித்தாள். ஜீப்புக்குள் முட்டிக்கொண்டிருந்த இருபது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். "அப்போ நீ எறங்கிக்கோ" என்று யாரோ சொன்னார்கள். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"சரியா டீச்சர்?"

"சரிக்கா" என்றேன். என் சார்ட்டில் இல்லாத வரி அது. நான் ஒரு நாளும் சொல்லிக்கொடுக்காத வரி.

"போய்ட்டு வர்றேன் டீச்சர்" என்றாள்.

ஜீப் வளைவில் திரும்பும்வரை பாப்பா கையாட்டிக்கொண்டே இருந்தது. பிறகு இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "வா டீச்சர், போலாம்" என்று இழுத்தது.